பஸ் காசு: நம் வீடுகளில் யாரும் எழுதி வைக்காத வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். பாதியில் விட்டுவிட வேண்டாம், கடைசியில் உங்களிடம் சில விடயங்கள் கேட்க இருக்கிறோம்.

போன தவணை முடிவில் எங்கள் பாடசாலையில் வரவு குறைந்த பிள்ளைகளின் பட்டியல் தயாரிக்க வேண்டியிருந்தது. வகுப்பாசிரியர்கள் எல்லோரும் வரவுப் பதிவேடுகளை ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். தரம் 8 இல் ஒரு பிள்ளை, தரம் 10 இல் ஒரு பிள்ளை. இருவரும் ஒரே வீடு, சகோதரிகள். இருவருக்கும் வரவு பாதிக்குச் சற்றுக் கூட. தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது: மூத்தவள் வந்த நாளில் இளையவள் இல்லை. இளையவள் வந்த நாளில் மூத்தவள் இல்லை. இருவரும் சேர்ந்து வந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கும், மாறி மாறிப் பார்த்துக் கொள்கிறார்கள் என்று நினைத்தோம். இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போனோம். ஊருக்கு உள்பக்கம், வயல் கடந்து, குளக்கட்டோரம் உள்ள குடியிருப்பு. வாப்பாவுக்கு வயல் கூலி. உம்மா டவுனில் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். அவர் நேரே சொல்லிவிட்டார்:

“ரெண்டு பேருக்கும் குடுக்க பஸ் காசு இல்ல சேர். நானும் வேலைக்குப் போகணும். அதான் ஒரு நாளைக்கு ஒராளா அனுப்புறன்.”

சொல்லும்போது அவர் அழவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். தலை குனிந்தது நாங்கள்தான்.

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. கன்னங்கராவின் பெயரை எல்லா மேடையிலும் சொல்கிறோம். 1980 முதல் பாடநூல் இலவசம். 1993 முதல் சீருடைத் துணி இலவசம். ஆனால் அந்தச் சீருடையைப் போட்டு, அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பாடசாலை வாசலுக்கு வந்து சேர்வதற்கு ஒவ்வொரு நாளும் காசு வேண்டும். ஏழைக் குடும்பங்கள் வேலைக்கும் பாடசாலைக்கும் போய்வர இந்த நாடு எப்போதாவது உதவியதா? உதவியிருந்தால் அது எங்கே போனது? பழைய ஆட்களிடம் கேட்டும் கிடைத்த புத்தகங்களைத் தேடியும் நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

*பஸ் முதலாளிகளின் காலம்*

இலங்கையில் ரயில் 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடத் தொடங்கியது. மலையகத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரத்தான் அந்தப் பாதை போடப்பட்டது. மனிதர்கள் பிறகுதான். நம் கிழக்குக்கு ரயில் வர 1920கள் ஆகின. திருகோணமலைக்கு 1927, மட்டக்களப்புக்கு 1928. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிட்டது. அதற்குத் தெற்கே கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று இத்தனை ஊர்கள் இருந்தும் இன்றுவரை ரயில் இல்லை. எனவே நம் பக்கத்துப் பயணத்தின் வரலாறு பெரும்பாலும் பஸ்ஸின் வரலாறுதான்.

தொடக்கத்தில் பஸ் முழுக்கத் தனியார் கையில் இருந்தது. யாரிடம் ஒரு வண்டி இருந்ததோ அவர் ஓட்டினார். ஆள் நிறைந்தால்தான் புறப்படும். ஒரே ரூட்டில் இரண்டு பேர் ஓட்டினால் ஓட்டப்பந்தயம், கைகலப்பு. இதைக் கட்டுப்படுத்த 1942 இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு ரூட்டுக்கு ஒரு கம்பனிக்கே அனுமதி என்றானது. சண்டை குறைந்தது, ஆனால் ரூட் கம்பனிகளின் சொத்துப் போல ஆகிவிட்டது. பஸ் கம்பனி வைத்திருந்தவர்கள் அரசியலிலும் பெரிய ஆட்கள். தெற்கில் சவுத் வெஸ்டர்ன் கம்பனியின் உரிமையாளர் சேர் சிறில் டி சொய்சா பின்னர் செனற் சபையின் தலைவராகவே இருந்தார்.

சனம் கூடிய, தார் போட்ட வீதியில் பஸ் ஓடும். வயல் கரையில், சேனைப் பக்கத்தில் ஓடாது. காரணம் எளிது, அங்கே இலாபம் இல்லை. வயலில் கூலிக்குப் போனவர் நடந்தார். மீன் விற்றவர் சைக்கிளில் போனார். ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாட்டு வண்டியில் கொண்டு போனார்கள்.

பயணச் செலவு ஏழையின் வயிற்றோடு தொடர்புடையது என்பதை அரசாங்கம் 1953 இல் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமானது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. அதோடு ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் கூட்டப்பட்டன. ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஹர்த்தால் என்றதும் எல்லோரும் அரிசியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பயணக் கட்டணமும் இருந்தது என்பதை மறந்துவிட்டோம்.

*1958: ‘சீரீபீ’ வந்தது*

பஸ்ஸை அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு சுதந்திரம் கிடைத்த காலத்திலேயே ஆய்வறிக்கைகளில் வந்துவிட்டது. நடந்தது பண்டாரநாயக்க அரசாங்கத்தில். மைத்திரிபால சேனாநாயக்க போக்குவரத்து அமைச்சர். 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் எல்லாம் ஒன்றாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. நம் உம்மம்மாமார் வாயில் அது ‘சீரீபீ’.

இந்தச் சபை செய்த பெரிய காரியம் அதன் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கொழும்பு–கண்டி போன்ற, ஆள் நிறைந்த ரூட்டில் இலாபம் வரும். ஓர் ஓரத்துக் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் நட்டம் வரும். முன்பு இலாபம் ஒரு முதலாளியிடம் போகும், நட்ட ரூட்டில் பஸ்ஸே இருக்காது. இப்போது இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்தன. இலாப ரூட்டின் காசு நட்ட ரூட்டின் டீசலுக்குப் போனது. கொழும்பில் பஸ் ஏறிய எழுதுவினைஞர் கொடுத்த சதத்தில் ஒரு பங்கு, அவருக்கே தெரியாமல், எங்கோ ஒரு குளக்கட்டு ஊருக்குக் காலையில் ஒரு தடவையும் பின்னேரம் ஒரு தடவையும் போய்வந்த பஸ்ஸுக்கு உதவியது.

இதற்குப் பெயர் மானியம் என்று யாரும் அப்போது அந்த ஊரில் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவம் இல்லை. கிராம சேவகரின் கையொப்பம் இல்லை. நீ ஏழையா என்று யாரும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறினார்கள்.

அறுபதுகளில் பாடசாலைக்குப் போன மூத்தவர்கள் சிலரிடம் பேசினோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னதை மட்டும் எழுதுகிறோம். அவர்களது காலத்தில் பெண் பிள்ளையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்துவதுதான் வழக்கம். அடுத்த ஊர்ப் பாடசாலைக்கு அனுப்ப வாப்பாவுக்கு மனமில்லை. ஆனால் காலையில் வரும் பஸ்ஸின் கொண்டக்டர் நம் ஊர் மனிதர், சாரதி பக்கத்து ஊர்த் தமிழர், இருவரையும் வாப்பாவுக்குத் தெரியும். “இன்ன ஆள்ட பஸ்ஸுலதானே போறா” என்று அனுப்பினாராம். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே பஸ், அதே முகம். அந்த ஒழுங்குதான் ஒரு பெண் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றியது. நம் ஊர்களில் முதல் தலைமுறையாகப் படித்து ஆசிரியைகளாக வந்த பலருக்குப் பின்னால் இப்படி ஒரு காலை பஸ் இருக்கிறது. உங்கள் வீட்டு மூத்தவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கான சீசன் டிக்கெட் இன்னொரு பெரிய உதவி. பிள்ளை ஒரு சிறு பங்கைக் கொடுக்கும், மீதியை அரசு சபைக்குக் கொடுக்கும். இன்றும் இந்த முறை இருக்கிறது.

சபையைப் புனிதமாக்கிக் காட்டவும் நாங்கள் விரும்பவில்லை. பஸ்கள் போதவில்லை. லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத் தட்டு பஸ்களைக் கூட வாங்கி ஓட்டினார்கள். படியில் தொங்கிக்கொண்டு போனதும், பழுதாகி வெயிலில் நின்றதும், கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கியதும் நம் மூத்தவர்களுக்கு மறக்காது. அரசியல்வாதியின் கடிதத்தோடு வேலைக்கு வந்தவர்களால் டிப்போக்கள் நிரம்பின. அப்படியிருந்தும் உச்ச காலத்தில் சுமார் 7,000 பஸ்களும் 50,000 க்கும் மேற்பட்ட ஊழியர்களும் கொண்டு, உலகின் மிகப் பெரிய பஸ் நிறுவனம் என்று பெயர் எடுத்தது இந்தச் சின்னத் தீவின் சபை.

*1979: பெட்டி இரண்டானது*

1977 இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 சட்டத்தால் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வீதி திறக்கப்பட்டது. அப்போது போக்குவரத்து அமைச்சர் நம் சமூகத்தைச் சேர்ந்த எம். எச். முஹம்மத் அவர்கள்.

இதை ஒரு பக்கமாக மட்டும் பேசுவது நீதியாகாது. சபையிடம் பஸ் போதாமல் சனம் தரிப்பிடத்தில் மணிக்கணக்காக நின்ற காலம் அது. தனியார் பஸ் வந்ததும் காத்திருப்பு குறைந்தது. மத்திய கிழக்கில் உழைத்த காசில் பஸ் வாங்கிய நம்மவர்கள் எத்தனை பேர்! சாரதி, கொண்டக்டர், கராஜ், டயர்க்கடை என்று பல குடும்பங்கள் பிழைத்தன. இந்தப் பதிவை வாசிப்பவர்களிலும் அப்படிப் படித்து வந்தவர்கள் இருப்பீர்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. புதிதாக வந்த பஸ்கள் எந்த ரூட்டுக்கு வந்தன? ஆள் நிறைந்த ரூட்டுக்குத்தான். கடன் எடுத்து பஸ் வாங்கியவர் அங்கேதான் ஓட்டுவார், அவரில் பிழை இல்லை. இலாப ரூட்டின் வருமானம் பல பைகளுக்குப் பிரிந்தது. நட்ட ரூட் மட்டும் சபையிடம் அப்படியே நின்றது. முன்பு ஒரே பெட்டியில் இருந்த கணக்கு இப்போது இரண்டு பெட்டி: ஒன்றில் இலாபம், மற்றதில் நட்டம். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் “போக்குவரத்துச் சபைக்கு நட்டம்” என்று செய்தி வரும். வாசிப்பவர் “அரசாங்கம் நடத்தினால் இப்படித்தான்” என்பார். குளக்கட்டு ஊருக்குப் போகும் பஸ் இலாபம் உழைக்காது என்பது 1958 லேயே எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தானே இலாப ரூட்டையும் அதே கையில் கொடுத்தார்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1990 களின் தொடக்கத்தில் ‘மக்கள்மயமாக்கல்’ என்று டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாக்கப்பட்டன. 2005 இல் இன்னொரு சட்டம் போட்டு மீண்டும் ஒன்றாக்கி இலங்கை போக்குவரத்துச் சபை என்றார்கள். இதற்கிடையே நம் கிழக்கில் யுத்தம். வீதி மூடப்பட்டது, பஸ் எரிந்தது, ஊர்கள் இடம்பெயர்ந்தன. ஒரு ரூட் ஒரு முறை நின்றால் திரும்பி வருவது கடினம். கொழும்பில் நின்ற பஸ் அடுத்த கிழமை ஓடியது. நம் பக்கத்தில் நின்ற சில பஸ்கள் நின்றவைதான்.

*மாதக் காசும் நாள் காசும்*

இனி எங்களையே குறித்து ஓர் உண்மை. ஆசிரியர்களான எங்களுக்கு அரச ஊழியர் என்ற முறையில் ரயில் வாரண்ட் கிடைக்கிறது. சலுகை விலையில் ரயில் சீசனும் எடுக்கலாம். எங்களுக்கு மாதம் முடிய சம்பளம் வரும். மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையைக் கொடுத்துச் சீசன் எடுத்தால் மாதம் முழுக்க இலாபம்.

அரிசி ஆலைக்குப் போகும் அந்த உம்மாவுக்கு நாள் காசு. இன்று வேலை இருந்தால் இன்று காசு, மழை பெய்தால் இல்லை. மாதத் தொடக்கத்தில் முழு மாதத்துக் காசையும் அவர் எப்படிக் கட்டுவார்? சீசன் என்பது மாதச் சம்பளக்காரரின் வாழ்க்கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நாள் கூலிக்காரருக்கு அது பொருந்தாது. அவர் ஒவ்வொரு நாளும் முழு விலை கொடுத்துத்தான் பயணம் செய்கிறார். அதாவது, இந்த நாட்டில் ஆகக் குறைந்த வருமானம் உள்ளவர்தான் பயணத்துக்கு ஆகக் கூடிய விலை கொடுக்கிறார்.

பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சீசன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நாங்களும் அந்த வீட்டில் அதைத்தான் கேட்டோம். பதிலைக் கேளுங்கள். சீசன் செல்லுபடியாவது அரச பஸ்ஸில். அந்தக் குடியிருப்புக்குக் காலையில் வந்துகொண்டிருந்த அரச பஸ் பழுதாகி நின்று இரண்டு வருடத்துக்கு மேல். இப்போது வருவது தனியார் பஸ். அதில் சீசன் எடுபடாது. சீசன் எடுக்கப் படிவம் நிரப்பி, அதிபரின் கையொப்பம் வாங்கி, டிப்போவுக்குப் போய்க் காசு கட்ட வேண்டும். டிப்போவுக்குப் போகவும் பஸ் காசு, அன்றைய கூலியும் இல்லை. இத்தனையும் செய்து சீசனை வாங்கினால் அதைக் காட்ட பஸ் இல்லை.

2005 முதல் ‘சிசு செரிய’ என்று பாடசாலைப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பஸ் ஓடுகிறது. அதில் தனியார் பஸ்களையும் சேர்த்து, அரசு உதவி கொடுக்கிறது. நல்ல திட்டம். நட்ட ரூட்டுக்கு உதவி கொடுத்து பஸ் ஓடச் செய்யும் ‘கெமி செரிய’ திட்டமும் இருக்கிறது. பழைய ஒரே பெட்டிக் கணக்கின் மிச்சம் இவற்றில்தான் உயிரோடு இருக்கிறது. ஆனால் 1958 இல் கேட்காமலே வந்த பஸ் இப்போது கேட்டால்தான் வரும். கேட்கத் தெரிந்த ஊருக்கு வருகிறது. நாம் கேட்டோமா?

*பாதையும் பாலமும்*

நம் மாகாணத்தில் பயணம் என்றால் தண்ணீரும் சேர்ந்ததுதான். களப்பு, ஆறு, முகத்துவாரம் என்று ஊருக்கு ஊர் நீர் பிரிக்கிறது. அக்கரை போகப் ‘பாதை’ ஏறினோம். வெளி மாவட்ட நண்பர்களுக்காக ஒரு விளக்கம்: நம் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. மட்டக்களப்புக்குக் கல்லடிப் பாலம் 1924 லேயே கிடைத்துவிட்டது. மண்முனையில் பாலம் வர 2014 ஆகியது, அதுவரை பாதைதான். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, நீளம் 396 மீற்றர். அதற்கு முன் கிண்ணியா மக்கள் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் திருகோணமலை போகப் பாதைக்காகக் காத்துக் கிடந்த கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன.

2021 நவம்பர் 23 ஆம் திகதியை மறக்க முடியாது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் என்று ஒரு மிதவையில் சனம் கடந்துகொண்டிருந்தது. காலை நேரம். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். மிதவை கவிழ்ந்தது. அன்று மட்டும் ஆறு பேர், அதில் நான்கு பேர் பிள்ளைகள். அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுப்பானாக.

அந்தச் செய்தி வந்த காலையில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் யாரும் பேசவில்லை. யார் பிழை என்ற வாதம் முகநூலில் பல நாள் நடந்தது. இங்கே நாங்கள் அதைத் திரும்பத் தொடங்கவில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். அன்று அந்த மிதவையில் ஏறியவர்களில் எத்தனை பேருக்கு வேறு வழி இருந்திருக்கும்? சொந்த வாகனம் உள்ளவன் சுற்றுவழியால் போவான். நாள் கூலிக்குப் போகிறவருக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் கையில் இருக்கும் வழிதான் வழி. அது பாதுகாப்பானதா என்று தெரிவு செய்யும் வசதி அவர்களுக்கு இல்லை. அதனால்தான் ஏழைக்கான பயண உதவியை வெறும் கட்டணக் கழிவாக மட்டும் பார்க்கக் கூடாது என்கிறோம்.

*2022: எல்லோரும் ஒரு முறை நடந்தோம்*

2022 ஐ நாம் எல்லோரும் அனுபவித்தோம். ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாய். டீசல் இல்லாமல் பஸ் நின்றது. ஜூன் கடைசியில் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலை 25 திறந்தபோதும் கிழமைக்கு மூன்று நாள் மட்டும், ஏனென்றால் ஆசிரியராலும் பிள்ளையாலும் வர முடியவில்லை. எங்களில் பலர் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தோம். சிலர் மைல் கணக்கில் நடந்தோம்.

ஆகக் குறைந்த கட்டணத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போக ஒரு பஸ், மாறி இன்னொரு பஸ், திரும்பி வர இரண்டு. நான்கு தடவை 40 ரூபாய் என்றால் 160. மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் 4,000 ரூபாய். இது ஒரே ஓர் ஆளுக்கு, அதுவும் ஆகக் குறுகிய தூரத்துக்கு. இரண்டு பிள்ளைகளும் பஸ்ஸில் போனால்?

அந்த நாட்களில் மாதச் சம்பளக்காரரான நாமும் கூலிக்காரரும் ஒரே வீதியில் நடந்தோம். பிறகு கட்டணம் கொஞ்சம் இறங்கியது. எரிபொருள் வந்தது. நாம் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டோம். 2023 இல் அஸ்வெசும வந்தது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து வவுச்சரும் வருகிறது. அல்ஹம்துலில்லாஹ், நல்லதுதான். ஆனால் சப்பாத்துக் கிடைத்த பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறாள்.

*நாம் என்ன செய்யலாம்?*

இந்த வரலாற்றைப் படித்ததில் எங்களுக்குத் தெளிவான ஒன்று: ஏழைக் குடும்பத்துக்கு ஆகப் பெரிய பயண உதவி சலுகை அட்டை அல்ல, நேரத்துக்கு வரும் பஸ். அட்டை, சீசன், வவுச்சர் எல்லாம் அதற்குப் பிறகு. பஸ் இல்லாத இடத்தில் கொடுக்கும் சீசன், கிணறு இல்லாத வளவில் கொடுத்த வாளி மாதிரி.

அந்த வீட்டுக்குப் போய் வந்த பின் நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். பெருமைக்காக அல்ல, மற்ற ஊர்களிலும் செய்யலாம் என்பதற்காக. அந்தப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளின் பெயர், தரம், ஏறும் இடம், வர வேண்டிய நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினோம். வேலைக்குப் போகும் தாய்மாரின் நேரத்தையும் சேர்த்தோம். அதிபர், பெற்றோர், பள்ளிவாசல் தலைவர், பக்கத்துத் தமிழ்க் கிராமத்தின் கோயில் நிர்வாகத்தினர் என்று எல்லோரும் கையொப்பம் வைத்தார்கள். ஏனென்றால் அந்த பஸ் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். கடிதத்தை உரிய இடங்களுக்குக் கொடுத்திருக்கிறோம். “பஸ் தாருங்கள்” என்ற வெறும் கோரிக்கையை விட, இத்தனை பிள்ளைகள், இத்தனை மணிக்கு, இந்த இடத்தில் என்ற கணக்குக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அங்கே இருந்த உத்தியோகத்தர் அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். பதில் இன்னும் வரவில்லை. விடாமல் போய்க் கேட்கிறோம்.

பஸ் வரும் வரைக்கும் அந்தச் சகோதரிகள் இருவரின் பயணக் காசையும் ஒரு சிலர் சேர்ந்து பொறுப்பெடுத்திருக்கிறோம். மூத்தவளுக்கு அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. ஆனால் இது இரண்டு பிள்ளைகளின் கதை அல்ல. அதே பதிவேடுகளில் இன்னும் எத்தனை பெயர் இப்படி இருக்கிறதோ, நாங்கள் இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது இவைதான்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையில் சகோதரர்களின் வரவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “ஏன் வரவில்லை?” என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். “காய்ச்சல் சேர்” என்றுதான் சொல்வார்கள். நாங்களும் பல மாதம் அந்தக் காய்ச்சலை நம்பியிருந்தோம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஸகாத் நிதியில் தையல் இயந்திரமும் கோழிக்கூடும் கொடுக்கிறோம். தேவையானவைதான். ஏழைப் பிள்ளையின் ஒரு தவணைப் பயணச் செலவும் அந்தப் பட்டியலில் வர முடியுமா என்று உங்கள் ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுங்கள். சிறிய தொகைதான். ஒரு பிள்ளைக்குப் பாதி வருடத்துப் படிப்பு திரும்பக் கிடைக்கும்.

பஸ் வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. டயரின் விலையும் லீசிங் தவணையும் எங்களுக்குத் தெரியும். சீருடையோடு நிற்கும் பிள்ளையைக் கண்டால் நிறுத்துங்கள். அரைக் கட்டணப் பிள்ளை என்று தாண்டிப் போகாதீர்கள். இப்படித் தாண்டிப் போகாமல் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு சிலரை எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காகத் துஆச் செய்யும் உம்மாமாரையும் தெரியும்.

மூத்தவர்களே, பழைய சீரீபீ டிக்கெட், சீசன் அட்டை, டிப்போவில் வேலை செய்த காலத்துப் படம் ஏதும் வீட்டில் இருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். உங்கள் ஊருக்கு முதல் பஸ் எப்போது வந்தது, எந்த ரூட் எந்த வருடம் நின்றது என்று நினைவில் உள்ளதை எழுதுங்கள். நின்றுபோன ரூட்டுகளின் பட்டியல் ஒன்று சேர்ந்தால் அதையும் கடிதத்தோடு இணைக்கலாம் என்று இருக்கிறோம். “இந்த ஊருக்கு முன்பு பஸ் வந்தது” என்பதற்கு நம்மிடம் உள்ள ஆதாரம் உங்கள் நினைவுதான்.

போன கிழமை புதன்கிழமை தரம் 8 பதிவேட்டிலும் தரம் 10 பதிவேட்டிலும் இரண்டு பெயருக்கும் நேரே வரவு விழுந்திருந்தது. வியாழக்கிழமையும் விழுந்திருந்தது.

பகிர்ந்துகொள்ளுங்கள், குறிப்பாக உங்கள் ஊர்ப் பழைய மாணவர் குழுக்களில்.